கப்பல்காரர் காய்ச்சிய தீவுக் கூழ்

என் புருஷன் காயாரோகணம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் எங்கள் மனைக்கு ஆபத்தே வந்திருக்காது. வாய்க்கால் கரையில் ஏழு குடிசை. ஆறு குடிசைக்காரர்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஏழாவது எங்களுடையது.

எழுபத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். பண்ணை நிலத்தில் குடிசை போட்டு வயல் வேலை செய்கிறவர்களுக்கு, அந்தக் குடிசை நிற்கிற மனை இனிமேல் சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. கரைவேட்டிக்காரர்கள் மைக் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். செங்கொடிக்காரர்கள் வீடு வீடாக வந்து மனு எழுதிக் கொடுத்தார்கள். பண்ணைக் காரியக்காரர் ஐயாவு ஆறு மனுவைப் பற்றி மூச்சு விடவில்லை. எங்களுடையதற்கு மட்டும் ஆட்சேபம் கொடுத்தார். எங்கள் குடிசை களத்தை ஒட்டி இருக்கிறது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டால் களத்துக்குள் லாரி வந்து திரும்பும். அவருக்கு வேண்டியது அதுதான். ஆனால் எழுதிக் கொடுத்த காரணம் வேறு. மனுதாரர் விவசாயத் தொழிலாளி அல்ல, கப்பல் வேலைக்காரர், ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்று எழுதியிருந்தார்.

யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்ல வைத்தவர் என் புருஷன்.

அவருக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். பதினைந்து வயதில் தோணி ஏறியவர். கூரை ஓடும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு இலங்கையில் ஊர்காவற்றுறைக்குப் போவார்கள். காற்று மாறினால் பக்கத்து நெடுந்தீவில் மாதக்கணக்கில் கிடப்பார்கள். பிறகு தோணி வியாபாரம் படுத்துவிட்டது. கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு திருவிடைமருதூர் சந்தைக்கு வந்தார். நான் கருவாடு வாங்கப் போனேன். எடை விஷயத்தில் சண்டை போட்டேன். அந்தச் சண்டை மூன்று சந்தை நாள் நீடித்து, நான்காவது சந்தைக்குள் கல்யாணத்தில் முடிந்தது. ஐயர் இல்லாமல், மாலை மாற்றி, கட்சிக்காரர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசி நடந்த சுயமரியாதைக் கல்யாணம். அவர் பேசி முடிப்பதற்குள் மாலை வாடிவிட்டது.

அதற்கப்புறம் நாலு வருஷமாக எங்கள் ஊரில்தான் இருக்கிறார். நாற்றுப் பறிக்கிறார், அண்டை வெட்டுகிறார், அறுக்கிறார், கட்டுத் தூக்குகிறார். கையைப் பார்த்தால் காய்ப்புக் காய்ப்பாக இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் கடல்தான். அறுத்துக்கொண்டே புயலைப் பற்றிச் சொல்வார். வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது திமிங்கிலம் வரும். ஊரே அவரைக் கப்பல்காரர் என்று கூப்பிட்டது. கூப்பிட்டால் அவருக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும். நான் மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது கப்பலே இல்லை, தோணி என்று எனக்குத் தெரியும்.

எல்லாக் கதையும் கடைசியில் கூழில் வந்து நிற்கும். நெடுந்தீவுக் கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் காய்ச்சுவார்களாம். நண்டு, இறால், கணவாய், நாலு வகை மீன், பலாக்கொட்டை, பயற்றங்காய் எல்லாம் அதற்குள் போகுமாம். பனை ஓலையை மடித்துக் குடிப்பார்களாம். எங்கள் பக்கம் அந்த ஓலைக்குப் பட்டை என்று பெயர். அவர் பிளா என்பார். நான் வேண்டுமென்றே பட்டை என்பேன். நாலு வருஷத்தில் இந்தக் கூழைப் பற்றிக் கேட்டுக் கேட்டே எங்களுக்கு வயிறு நிறைந்திருந்தது. ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

புதன்கிழமை விசாரணை என்று தண்டோரா போட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் என்னிடம் வந்து, நாளைக்கு அதிகாரிக்குத் தீவுக் கூழ் காய்ச்சப்போகிறேன் என்றார்.

எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. நாளைக்கு ஒரே ஒரு நாள் அவர் வயல்காரராக இருந்தால் போதும், மனை எங்களுடையது. அந்த ஒரு நாள் பார்த்துத் தீவு அடுப்பைப் பற்றவைக்கப் போகிறாராம். காரியக்காரருக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டால்தானே எனக்குச் சண்டை போட வசதி.

"தீவுல நிலத் தகராறுன்னா மொதல்ல ரெண்டு தரப்பும் ஒரே பானையைச் சுத்தி ஒக்காந்து கூழு குடிக்கணும் புள்ள. குடிச்சப்புறம் யாருக்கும் குரல் ஒசராது. நான் பாத்திருக்கேன்" என்றார்.

தகராறு செய்கிறவனுக்கு விருந்தா என்று கத்தினேன். ஆமாம் என்றார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்.

மாவு தயாராகவே இருந்தது. பொங்கலுக்கு வாங்கிய பனங்கிழங்கில் பாதியை அவிக்கவிடாமல் பிடுங்கி, பச்சையாகக் கிழித்துக் கூரைமேல் காயப்போட்டு, இடித்துச் சலித்து வைத்திருந்தார். ஒரு நாள் அதிகாரியோ மந்திரியோ வராமலா போய்விடுவார்கள் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. மீனுக்கு நாகையிலிருந்து பஸ்ஸில் வருகிற லத்தீஃபாவை நம்பியிருந்தார். அன்றைக்கென்று பார்த்துக் கூலி உயர்வுக்காகச் சாலை மறியல். பஸ் வரவில்லை, லத்தீஃபாவும் வரவில்லை. நான் மறியல்காரர்களை மனசுக்குள் வாழ்த்தினேன்.

அவர் கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வயலைப் பார்த்தபடி நின்றார். பிறகு என் அண்ணன் காத்தானைக் கூப்பிட்டு, "மச்சான், நம்ம வரப்புல இன்னும் ரெண்டு வளை பாக்கி இருக்குல்ல?" என்று கேட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பண்ணையில் அறுப்பு முடிந்ததும் எலி வெட்டுவதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எலி வளைக்குள் கதிர் சேர்த்து வைத்திருக்கும், ஒரு நல்ல வளையில் மரக்கால் நெல்கூடக் கிடைக்கும். அதனால் கண்டவர்களும் வந்து வரப்பை வெட்டிவிடக் கூடாது என்று, அந்த வயலை அறுத்தவர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு வரப்பு விடுவார்கள். காரியக்காரர் ஐயாவு தானே நின்று பிரித்துக் கொடுப்பார். நெல்லும் எலியும் வெட்டியவருக்கு. வரப்பை மட்டும் பழையபடி மண் போட்டு அணைத்துவிட வேண்டும். அறுக்காத ஆள் மண்வெட்டியோடு வயலில் இறங்கினால் காரியக்காரர் சும்மா விடமாட்டார்.

எங்களுக்குப் பெரிய பங்கு என்கிற வயலில் மேலண்டை வரப்பு.

என் புருஷனுக்கு முதல் வருஷம் எலி என்றாலே குமட்டியது. கடல்காரன் எலி தின்பானா என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். காத்தான் ஒரு துண்டை வறுத்து, காடை என்று சொல்லிக் கொடுத்தான். அவர் காடை நன்றாக இருக்கிறது, இன்னும் ரெண்டு பிடித்து வா என்றார். உண்மை தெரிந்து ஒரு நாள் பேசாமல் இருந்தார். அடுத்த அறுப்பில் எங்களுக்கு முன்னால் புகைப்பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இப்போது காத்தானைவிட அவருக்குத்தான் சூட்சுமம் அதிகம். வளையின் மற்ற வாய்களை மண்ணால் அடைத்துவிட்டு ஒரு வாயில் பானையை வைத்து வைக்கோல் புகை ஊதுவார். எலி எந்தப் பக்கம் முட்டும் என்று மண்ணில் கை வைத்தே சொல்லிவிடுவார்.

அன்றைக்குப் பதினோரு எலி. நெல் தின்று தின்று ஒவ்வொன்றும் கொழுத்துக் கிடந்தது. போகிற வழியில் வாய்க்காலில் ஏழெட்டு வயல் நண்டும் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

புதன்கிழமை விடிந்ததும் வேலை ஆரம்பமானது. ஒடியல் மாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை இறுத்து, மறுபடியும் கரைத்தார். மூன்று தண்ணீர் மாற்றினால்தான் கசப்புப் போகுமாம். எலிகளை வைக்கோல் தீயில் வாட்டி, சுரண்டிக் கழுவி, சின்னச் சின்னதாக நறுக்கினார். என் அம்மியில் மிளகாயும் மஞ்சளும் வைத்து அவரே அரைத்தார், என்னைத் தொடவிடவில்லை. பெரிய பானையில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டு, பயற்றங்காய் கொதிக்க, கறியும் நண்டும் போய் விழுந்தன. கடைசியில் புளித்தண்ணீரில் கரைத்த மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டினார். தோணியில் சுக்கான் பிடித்தால் எப்படி நிற்பாரோ அப்படிக் காலை அகட்டிக்கொண்டு நின்றார். கூழ் இறுகி, சிவந்து, தளதளவென்று கொதித்தது. நாலு வருஷமாகப் பொய் என்று நினைத்திருந்த வாசனை வாய்க்கால் கரை முழுக்கப் போனது. நானும் மனசுக்குள் ஒப்புக்கொண்டேன், அவரிடம் சொல்லவில்லை.

பத்தரை மணிக்கு அதிகாரி சைக்கிளில் வந்தார். ஜெய்னுலாபுதீன் என்று பெயர், நாகூர்க்காரர். இரண்டாம் நாளும் மறியல் ஓயாததால் ஜீப் வழியிலேயே நின்றுவிட்டதாம். வியர்த்து வழிந்து, பசியில் முகம் வாடியிருந்தது. காரியக்காரர் இளநீர் வெட்டச் சொன்னார். விசாரணை முடியும்வரை எந்தத் தரப்பிலும் தண்ணீர்கூட வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் புங்கமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. என் புருஷனுக்குத்தான் முகம் தொங்கிவிட்டது. கூழ் குடிக்காமல் பேச்சு ஆரம்பித்தால் நியாயம் எங்கே கிடைக்கும் என்று கவலை.

காரியக்காரருக்கு அந்த மாதிரி விரதமெல்லாம் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பானைப் பக்கம் வந்தார். இதுதான் அந்தத் தீவுக் கூழா என்று கேட்டார். ஆமாம் என்றதும், ஊற்று பார்க்கலாம் என்று கையை நீட்டினார். என் புருஷன் என்னைப் பார்த்தார். நான் வேலியில் காய்ந்த துணியைப் பார்த்தேன். என்ன கறி என்று அவர் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

ஒன்று குடித்தார். உதட்டை நக்கிக்கொண்டு இரண்டாவதும் குடித்தார். கடல் நண்டு என்றால் கடல் நண்டுதான் என்று பாராட்டினார். ஆறு குடிசைக்காரர்களும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். காலையில் எலி வாட்டிய வாசனை அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

விசாரணை தொடங்கியது. ஆறு மனுவும் கடகடவென்று முடிந்தன. ஏழாவதற்குக் காரியக்காரர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இந்த ஆள் கடல்காரன், பெண்டாட்டி ஊரில் வந்து ஒண்டியிருக்கிறான், ஒரு நாளும் பண்ணையில் வேலை செய்ததில்லை என்றார். அதிகாரி கூட்டத்தைப் பார்த்து இவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார். பின்னாலிருந்து ஒரு கிழவர், காது மந்தம், "யாரு, நம்ம கப்பல்காரரையா கேக்குறாங்க?" என்று பலமாகக் கேட்டார். பண்ணைக் கூலிக் கணக்கில் எங்கள் பெயர் இருக்கும். அந்தக் கணக்கு இருப்பதோ காரியக்காரர் பெட்டியில்.

"இன்னும் என்ன சார் சாட்சி வேணும்? இந்தக் கூழே சாட்சி" என்றார் ஐயாவு. வயலில் கிடக்கிறவனுக்குத் தீவுக் கூழ் எப்படித் தெரியும், கடல் நண்டும் கடல் மீனும் போட்டுக் காய்ச்சியிருக்கிறான், நானே ரெண்டு பட்டை குடித்தேன் என்று அடுக்கினார்.

அதிகாரி பேனாவை மூடினார். நான் நாகூரில் பிறந்தவன், அது கடல் சரக்கா இல்லையா என்று ஒரு வாயில் சொல்லிவிடுவேன் என்றார். சாட்சி என்று ஆகிவிட்டதால் பார்த்துத்தான் ஆக வேண்டும், கொண்டு வாருங்கள் என்றார். அவருக்குப் பசியும் இருந்தது என்று நினைக்கிறேன்.

என் புருஷன் புது ஓலையில் கூழை ஊற்றி, ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். அவருடைய நாலு வருஷக் கனவு அது. ஒரு அதிகாரி, அதுவும் நாகூர்க்காரர், அவர் கூழைக் குடித்துவிட்டு நெடுந்தீவுக் கூழ்தான் என்று ஊர் முன்னால் சொல்லப்போகிறார். அப்படிச் சொன்னால் மனை போய்விடும். அது எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும். அதிகாரி கையை நீட்டினார்.

என் புருஷன் ஓலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேணாம் சார். இது உங்களுக்கு ஆகாது" என்றார். "நான் நாகூர் தோணியில வேலை பாத்தவன். நோன்புக் கஞ்சி குடிச்சு வளந்தவன். தெரிஞ்சே உங்களுக்குக் குடுக்க மாட்டேன். இதுல கடல் சரக்கு ஒண்ணும் இல்ல சார். எலிக்கறி."

நாலு வருஷம் கணவாயும் இறாலும் பேசிய வாய். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. மனை போனாலும் போகட்டும் என்றுகூடத் தோன்றியது.

கூட்டத்தில் முதலில் காத்தான்தான் சிரித்தான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. காரியக்காரர் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எந்த எலிடா?" என்று கேட்டார்.

பெரிய பங்கு எலிதான் என்று நான் சொன்னேன். அவர் கோபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அந்த வயலின் வளை யாருக்குப் பாத்தியம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதிகாரிக்குத்தான் தெரியாது.

"காரியக்காரரே, அறுக்காத ஆளு நம்ம பண்ணை வரப்புல எலி வெட்டலாமா?" என்று நிதானமாகக் கேட்டேன்.

இருபது வருஷமாகக் கட்டிக் காத்த அதிகாரம் அது. அதைத் தொட்டால் அவருக்கு முன்னே பின்னே யோசிக்கத் தோன்றாது.

"எவன் வெட்டுவான்? நான் இருக்கிறப்ப எவன் வெட்டுவான்? அறுத்தவனுக்குத்தான் வரப்பு. நானே வெயில்ல நின்னு ஆளுக்கு ஒண்ணுன்னு பிரிச்சு விட்டிருக்கேன்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "இவருக்கு எந்த வரப்பு விட்டீங்க?"

"மேலண்டை வரப்பு. மூணு வருஷமா அதேதான். இந்த வருஷம் வரப்பை ஒழுங்கா அணைக்காம..."

அங்கே நிறுத்திக்கொண்டார். நிறுத்தி என்ன செய்வது. அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். மேலண்டை, மூன்று வருஷம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டி, கையெழுத்துப் போடுங்கள் என்று காரியக்காரரிடம் நீட்டினார். அவர் எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லாருக்கும் முன்னால் சொன்ன சொல். கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு மூன்றாவது பட்டை கேட்டார் என்று ஊரில் சொல்வது பொய். அவர் கேட்கவில்லை. பானையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது மட்டும் உண்மை.

அதோடு முடியவில்லை. அதிகாரி என் புருஷனை எதிரில் உட்காரச் சொன்னார். காகிதத்தில் ஒரு இடம் பாக்கி இருந்தது.

"பெயர் காயாரோகணம். தொழில்? அதை நீங்கதான் சொல்லணும். உங்க வாயால."

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு வாய்க்காலைப் பார்த்தார். தண்ணீர் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம்தான் நாகை, அதைத் தாண்டினால் அவர் தீவு.

"விவசாயக் கூலி" என்றார்.

அதிகாரி எழுதினார். அவ்வளவுதான், மனை எங்களுடையது. ஆறு குடிசைக்காரர்களும் ஆரவாரம் செய்தார்கள், காத்தான் என் புருஷனைத் தூக்கிச் சுற்றினான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே அழுகையும் வந்தது. நாலு வருஷமாக இந்த மனுஷன் இந்த வார்த்தையைச் சொல்லித் தொலைக்கமாட்டாரா என்று ஏங்கியவள் நான். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதிகாரி காகிதங்களை மடித்துப் பையில் வைத்தார். விசாரணை முடிந்தது, இனி நான் சாப்பிடலாம், எலி போகாத கூழ் கிடைக்குமா என்று கேட்டார். அவருடைய வாப்பாவும் ஊர்காவற்றுறைக்குப் போய்வந்தவராம். மாவு மிச்சம் இருந்தது. நான் ஓடிப்போய்ப் பரணில் இருந்த புதுப்பானையை எடுத்துக் கொடுத்தேன், அம்மியையும் புதிதாகக் கழுவி வைத்தேன். என் புருஷன் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மட்டும் போட்டு இன்னொரு கூழ் காய்ச்சினார். இந்தத் தடவை வாய் பேசாமல் காய்ச்சினார்.

அதிகாரி ஊதி ஊதிக் குடித்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம். உப்பு கொஞ்சம் கம்மி, மற்றபடி நெடுந்தீவுக் கூழ்தான் என்றார். என் புருஷன் தலையை மட்டும் ஆட்டினார். வேறு நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கு ஊரையே கூட்டியிருப்பார்.

பெரிய பானையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவர் ஒவ்வொருவருக்காக ஊற்றிக்கொண்டு வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. விவசாயக் கூலி என்று எழுதியாகிவிட்டதே, இனிமேல் எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களுக்கும் ஒரு கூச்சம் போலிருக்கிறது. அதிகாரி இன்னும் சைக்கிளை எடுக்கவில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு ஓலையை எடுத்து மடித்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நீட்டினேன்.

"கப்பல்காரரே, எனக்கும் ஒரு பிளா ஊத்துங்க" என்றேன்.